நூலகத்துக்கு கோஹா வருகிறது: நாலு பேர் குழுவை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது

உங்கள் கல்லூரி நூலகம் பழைய மென்பொருளிலிருந்தோ பேரேட்டிலிருந்தோ கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறப் போகிறது, நீங்கள்தான் நூலகர், உங்களோடு ஒரு உதவி நூலகர், ஒப்பந்தத்தில் ஒரு இளைஞர், இரண்டு அட்டெண்டர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோஹாவை உபுண்டு இயங்குதளத்தில் எப்படி நிறுவுவது என்று சொல்லித்தர காணொளிகள் நிறைய இருக்கின்றன, பார்த்துப் பார்த்துச் செய்தால் ஒரு நாளில் நிறுவியும் விடலாம். ஆனால் நிறுவி ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கவுன்டரில் இன்னமும் நோட்டுப் போட்டு இஷ்யூ எழுதிக்கொண்டிருக்கிற நூலகங்கள் பல உண்டு. அங்கெல்லாம் மென்பொருளில் கோளாறு இருக்காது. கவுன்டரில் உட்காருகிறவரைக் கேட்காமல் யாரோ முடிவெடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற சின்னப் பகுதியின் நூலகத்துக்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது கோஹா. அவர்களது பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டி ஓடாது என்று தெரிந்ததால், வேறு வழியில்லாமல் தாங்களே ஒன்றை எழுதவைத்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து விட்டார்கள். உரிமக் கட்டணம் கிடையாது. நிர்வாகத்துக்குப் பிடித்த விஷயமும் அதுதான். ஆனால் கட்டணம் இல்லை என்றால் அந்த உழைப்பை யாரோ ஒருவர் போட்டாக வேண்டும், அந்த யாரோ உங்கள் குழுதான். இதை முதல்வருக்கும் குழுவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலில் கேளுங்கள், அப்புறம் நிறுவுங்கள்

வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டம் போட்டுக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "சரிங்க சார், செஞ்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தனியாக, டீ குடிக்கிற நேரத்தில், "இது வந்தா உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கிற உதவி நூலகருக்குத் தன்னைவிட இருபது வயது சின்னவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம். அட்டெண்டருக்கு ஆங்கிலத் திரை பயம், அதைவிடக் கண் பார்வை பற்றிய கவலை. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கோ தரவேற்றம் முடிந்ததும் நம்மை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. மூன்றும் வெவ்வேறு பயம், மூன்றுக்கும் ஒரே சமாதானம் எடுபடாது.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். உங்கள் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். "யாருக்கும் வேலை போகாது" என்று சொல்வதற்கு முன் முதல்வரிடமோ செயலரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடியாது என்றால் "எனக்கும் தெரியாது, ஆனால் உங்களை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுத்தில் கேட்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி எழுதிக் கொடுங்கள். கண் பார்வைக்கும் கூச்சத்துக்கும் உங்களாலேயே வழி செய்ய முடியும். கவுன்டருக்குப் பெரிய திரை வாங்கலாம், உலாவியில் எழுத்தைப் பெரிதாக்கி வைக்கலாம், ஸ்கேனரைக் கையில் பிடிக்க வேண்டாத ஸ்டாண்டில் நிறுத்தலாம். கோஹாவில் புத்தகம் கொடுக்க, வாங்க, நீட்டிக்க எந்தப் பொத்தான் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தாலே பாதி பயம் போய்விடும்.

முதல்வரிடம் வாங்க வேண்டியவை

பெரும்பாலான கல்லூரிகளில் இந்த மாற்றம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் குழு வருவதற்கு முந்திய வருடத்தில்தான் சூடு பிடிக்கிறது. நாக் அளவுகோலில், ஒருங்கிணைந்த மேலாண்மை மென்பொருள் கொண்டு நூலகம் தானியங்கியாக்கப்பட்டிருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அதனால் "மூணு மாசத்துல முடிச்சிடுங்க" என்று ஒரு உத்தரவு மேலேயிருந்து வரும். அந்த உத்தரவை அப்படியே குழுவின் தலையில் இறக்கி வைக்காதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். 40,000 புத்தகம், நாலு பேர், ஒருவர் ஒரு நாளைக்கு 80 புத்தகம் பதிவார் என்று வைத்தாலும் நாள் ஒன்றுக்கு 320, மொத்தம் 125 வேலை நாள். இது கவுன்டரில் யாரும் வராமல், மின்சாரம் போகாமல், யாருக்கும் காய்ச்சல் வராமல் நடந்தால் ஆகிற கணக்கு. இந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனால் முதல்வரே "அப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகு பேரம் பேசுவது எளிது.

கோடை விடுமுறையில் கவுன்டரை மூட அனுமதி, சர்வருக்கு ஒரு தனிக் கணினியும் யு.பி.எஸ்ஸும், முதல் ஒரு மாதம் அபராதம் வசூலிக்காமல் இருக்க ஒப்புதல், கணினித் துறையில் யாராவது ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் வந்து பார்க்க ஏற்பாடு. இவற்றை வாய்மொழியாக வாங்காதீர்கள். நூலக ஆலோசனைக் குழு என்று ஒன்று எல்லாக் கல்லூரியிலும் தாளில் இருக்கிறது. அதைக் கூட்டி, தீர்மானமாக எழுதி, மினிட்ஸில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஒரு எச்.ஓ.டி. வந்து "லைப்ரரியை எப்படி மூடலாம்?" என்று கவுன்டரில் இருப்பவரிடம் சத்தம் போட்டால், அவர் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும். குழுவுக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அந்தத் தாள்.

வேலையைப் பதவிப்படி பிரிக்க வேண்டாம்

வழக்கம் என்னவென்றால் நூலகரும் உதவி நூலகரும் கணினியில், அட்டெண்டர்கள் புத்தகம் தூக்க, ஸ்டிக்கர் ஒட்ட. இப்படிப் பிரித்தால் வேலை நடக்கும், ஆனால் பிழை யார் கண்ணிலும் படாது. காரணத்தை ஒரு உதாரணத்தில் சொல்கிறேன்.

பழைய கல்லூரிகளில் அக்செஷன் எண், அதாவது நூலகத்துக்கு வந்த வரிசைப்படி ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்கிற எண், ஒரே வரிசையில் இருக்காது. பொது ரெஜிஸ்டர் 1இல் தொடங்கும். மாணவர்களுக்குப் பாடப் புத்தகம் கொடுக்கும் புக் பேங்க்குக்குத் தனி ரெஜிஸ்டர், அதுவும் 1இல் தொடங்கும். யாராவது ஓய்வுபெற்ற பேராசிரியர் தன் சேகரிப்பைக் கொடுத்திருப்பார், அதற்கு ஒரு நீள நோட்டு, அதுவும் 1. துறை நூலகம் ஒன்று மூடப்பட்டு அதன் புத்தகங்கள் இங்கே வந்திருக்கும், அதற்கும் 1. இப்போது எல்லாவற்றையும் ஒரே எக்செல்லில் அடித்துக் கோஹாவில் ஏற்றினால், அக்செஷன் எண்ணே பார்கோடு எண்ணாகவும் போகிறது, ஒரு பார்கோடு எண் ஒரு பிரதிக்குத்தான் என்பது அங்கே விதி என்பதால், இரண்டாவதாக வருகிற 145 ஏறாது. எந்த 145 எந்த வரிசை என்று தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் இளைஞர் விழிப்பார். ஸ்டேக்கில், அதாவது புத்தக ரேக்குகளுக்கு நடுவே, இருபது வருடம் புத்தகம் அடுக்கிய அட்டெண்டர் புத்தகத்தைக் கையில் வாங்கி, முத்திரையின் மையைப் பார்த்தே "இது பேங்க் புக்கு சார், வயலெட் சீல் அதுக்குத்தான் போடுவாங்க" என்பார். அந்த அறிவு எந்த ரெஜிஸ்டரிலும் எழுதப்படவில்லை, அவரோடு ஓய்வு பெற்றுப் போகக் கூடியது. வரிசை வாரியாக முன்னெழுத்துப் போட்டு எண்ணைப் பிரிக்கிற பொறுப்பை அவரை உட்காரவைத்துத்தான் செய்ய வேண்டும், அதுவும் "அண்ணே, கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்று போகிற போக்கில் கேட்காமல், அவர் பெயரை வேலைப்பட்டியலில் எழுதி.

ஆகவே ஜோடி போடுங்கள். மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர். இளையவர் தட்டச்சு செய்யட்டும், என்ன அடிக்க வேண்டும் என்று மூத்தவர் முடிவெடுக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள், மூத்தவர் கீபோர்டில், இளையவர் அருகில். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர்தான் பொறுப்பு என்று இருக்கட்டும். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதும் தூசி தட்டுவதும் மட்டும் எல்லோருக்கும் முறை, உங்களையும் சேர்த்து. நூலகரே ஸ்பைன் லேபிள் ஒட்டுவதைப் பார்த்த குழு உங்களிடம் தைரியமாகக் குறை சொல்லும், அதுதான் உங்களுக்கு வேண்டியது.

முடிவு நோட்டு ஒன்று வாங்குங்கள்

கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. இடது பக்கம் தேதி, எழுந்த கேள்வி. வலது பக்கம் எடுத்த முடிவு, யார் யார் இருந்தார்கள். எந்தச் சின்ன முடிவும் அதில் ஏறாமல் நடைமுறைக்கு வரக் கூடாது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதிச் சண்டை வராது என்பது என் அனுபவம்.

சண்டை எதில் வரும் தெரியுமா, ஆசிரியர் பெயரில். மு. வரதராசன் எழுதிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பக்கத்தில் ஒன்றில் மு.வ., இன்னொன்றில் மு. வரதராசன், மற்றொன்றில் டாக்டர் மு. வரதராசனார். பார்த்தபடி அடித்தால் ஓபாக்கில், அதாவது வாசகர் தேடுகிற கணினிப் பட்டியலில், மூன்று ஆசிரியர்கள் ஆகிவிடுவார்கள், மாணவர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு மற்றவை இல்லை என்று போய்விடுவார். உ.வே. சாமிநாதையருக்கும் அதே கதை. நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான், அதனால் "வரதராசன், மு." என்று பெயரை முன்னால் வைத்து, பட்டத்தை விட்டுவிட்டு, மற்ற வடிவங்களை 'இந்தப் பெயரில் பார்க்க' என்று சுட்டும் பார்வைக் குறிப்பாகக் கொடுப்பது முறை. இதை நூலகவியல் படித்த எல்லோரும் தேர்வில் எழுதியிருப்போம். ஆனால் "ஆர்" விகுதி வேண்டுமா வேண்டாமா என்று வரும்போது தமிழ்த் துறைப் பேராசிரியருக்கு ஒரு கருத்து, உதவி நூலகருக்கு ஒரு கருத்து இருக்கும். மரியாதைக் குறைவு என்று மனம் நோகிறவர்களும் உண்டு, அதை லேசாக எடுக்கக் கூடாது. உட்கார்ந்து பேசுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நோட்டில் எழுதுங்கள், அதோடு விடுங்கள்.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது யார் பக்கம் போவது? நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதை நான் எடுத்துக்கொள்வேன்: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. கருத்தரங்குகளில் 'நூலகம் வளரும் உயிரி' என்ற ஐந்தாவது விதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், நாளாந்த முடிவுக்கு நான்காவதுதான் கை கொடுக்கிறது. தேடுகிற மாணவருக்கு எந்த வடிவம் சீக்கிரம் கிடைக்கும்? பதில் அதில் இருக்கும், பதவியில் இருக்காது.

தரவைச் சுத்தம் செய்வது

இங்கேதான் நேரம் போகும், இங்கேதான் பொறுமையும் போகும். எக்செல் சில விஷயங்களைச் சத்தம் போடாமல் கெடுத்துவிடும். புத்தகத்தின் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். அடையாள எண்ணை அடித்தால் அதைப் பெரிய எண் என்று நினைத்து 9.78 என்று தொடங்கும் ஒரு சுருக்கமாகக் காட்டும், அப்படியே கமா கோப்பாக (சி.எஸ்.வி.) சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிப் போகும். 000451 என்ற அக்செஷன் எண் 451 ஆகும், புத்தகத்தில் ஒட்டிய பார்கோடு 000451 என்று படிக்கும், இரண்டும் சேராது. ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகும். தீர்வு சாதாரணமானது: தரவை அடிக்கத் தொடங்கும் முன்பே எல்லாக் கட்டங்களையும் எழுத்து வகையாக மாற்றி வையுங்கள். இதைக் குழுவில் ஒருவருக்கு மட்டும் சொல்லி வைத்தால் போதாது, எல்லோருக்கும் ஒரே வெற்றுக் கோப்பைக் கொடுத்து அதில்தான் அடிக்க வேண்டும் என்று வையுங்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் தனிக் கதை. பழைய மென்பொருளில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பதற வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, என்.எச்.எம். கன்வர்ட்டர் பலருக்குப் பழக்கமானது. மாற்றிய பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். முக்கியமாக ஔவையார். ஔ என்ற எழுத்தை விட்டுவிட்டு ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்தவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு, ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஔவையார் தலைப்புகளைத் தேடி மாற்றுவதை ஒருவருக்குத் தனி வேலையாகவே கொடுக்கலாம். தமிழில் ஆர்வம் உள்ள அட்டெண்டர் இதை முதுகலை படித்தவரைவிடக் கவனமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எக்செல்லை, நூலக மென்பொருள்கள் படிக்கும் மார்க் 21 என்ற பதிவு வடிவத்துக்கு மாற்ற மார்க்எடிட் என்ற மென்பொருள் போதும். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண்ணிட்ட புலம் உண்டு. தலைப்பு 245க்கு, ஆசிரியர் 100க்கு, வகைப்பாட்டு எண் 082க்கு, பிரதியின் விவரம் எல்லாம் கோஹாவின் 952க்கு. முழுவதையும் ஒரே தடவையில் ஏற்ற வேண்டாம். நூறு பதிவை மட்டும் பரிசோதனைத் தளத்தில் ஏற்றுங்கள். பிறகு சரிபார்ப்பை இரண்டு திசையிலும் நடத்துங்கள். ஒருவர் ரேக்கிலிருந்து கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துவந்து திரையில் தேடட்டும். இன்னொருவர் திரையில் இருப்பதைக் குறித்துக்கொண்டு ரேக்கில் போய்த் தேடட்டும். முதல் வழியில் பதிவாகாமல் விட்டுப்போனது தெரியும், இரண்டாவதில் பதிவில் இருந்தும் ரேக்கில் இல்லாதது தெரியும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லிவிட்டால், மறுபக்கப் பிழையை மாணவர்தான் வந்து சொல்லுவார்.

பிழை கிடைக்கும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைக் குழு உற்றுக் கவனிக்கும். "யார் அடிச்சது இது?" என்று கேட்டீர்கள் என்றால் அன்றோடு சரி, அடுத்த பிழையை யாரும் உங்களிடம் கொண்டுவர மாட்டார்கள். "இது எத்தனை இடத்துல இருக்கும்?" என்று கேளுங்கள். பிழையைக் கண்டுபிடித்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், அடித்தவரைத் தேடாதீர்கள்.

பழக்குவது

ஒரு நாள் பயிற்சி என்று கருத்தரங்கு அறையில் புரொஜெக்டர் போட்டு, பொன்னாடை போர்த்தி நடத்துவதால் கவுன்டரில் ஒன்றும் மாறாது. அவரவர் உட்காருகிற நாற்காலியில், அவரவர் கையில் மவுஸ் இருக்க, தினம் அரை மணி நேரம் போதும். சொல்லிக்கொடுப்பவர் மவுஸைத் தொடக் கூடாது என்று கறாராக ஒரு விதி வையுங்கள். அவசரத்தில் "தள்ளுங்க, நான் பண்றேன்" என்று இளைஞர் மவுஸை வாங்கிக்கொண்டால் மூத்தவர் அன்று எதுவும் கற்கவில்லை, மனமும் சுருங்கிவிட்டார். தப்பாகவே சொடுக்கட்டும், பரிசோதனைத் தளம்தானே.

ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, அதை வளரவிடாதீர்கள். யார் எப்போது என்ன செய்தார் என்பது கோஹாவின் பதிவேட்டில் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, அந்தப் பதிவை ஆளைப் பிடிக்கப் பயன்படுத்த மாட்டேன், பிழையைத் தேடத்தான் என்று சொல்லி அப்படியே நடந்துகொள்ளுங்கள். அனுமதிகளில் கை தாராளமாக இருக்கட்டும். கவுன்டரில் இருப்பவருக்கு நீட்டிப்புச் செய்யவும், பட்டியலில் இல்லாத புத்தகத்தை அவசரமாகச் சேர்த்துக் கொடுக்கவும் அதிகாரம் இல்லையென்றால், ஒவ்வொரு மாணவரையும் உங்கள் அறைக்கு அனுப்புவார். வரிசை நீளும், பழி மென்பொருள் மேல் விழும்.

மாறும் நாள்

வேலை நடக்கிற மாதங்களில் காலையில் கவுன்டர் திறக்கும் முன் பத்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள். நேற்று எங்கே நின்றது, இன்று யார் எதை எடுக்கிறார், எது புரியவில்லை. உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் வேலை நேரத்துக்குப் பிறகு உத்தரவு போடாதீர்கள், சர்வர் நின்றுபோனால் தவிர.

மாறுவதற்கு முன் வெளியே இருக்கும் புத்தகங்களை விடுமுறைக்கு முன்பே திரும்பக் கேளுங்கள். எல்லாம் வராது. ஆசிரியர்களிடம் பல வருடமாக இருப்பவை கண்டிப்பாக வராது. வராதவற்றை எல்லாம் பழைய நோட்டைப் பார்த்து, பழைய கெடு தேதியோடு கோஹாவில் இஷ்யூவாகப் போட்டுவிடுங்கள், தேதியை நாமே குறிக்க வசதி இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் பாக்கி இல்லை என்று நோ டியூ சான்றிதழ் கொடுக்கும் காலத்தில் இரண்டு இடத்தில் தேட வேண்டி வரும், ஒருவர் பாக்கி வைத்துக்கொண்டே சான்றிதழ் வாங்கிப் போய்விடுவார், பிறகு தணிக்கையில் நிற்பது நீங்கள்.

நாட்காட்டியில் விடுமுறைகளை முதலிலேயே குறித்து வையுங்கள். பொங்கல் விடுமுறையைக் குறிக்காமல் விட்டால், நூலகம் மூடிக் கிடந்த நாளுக்கே கெடு தேதி விழும், மாணவர்கள் வந்து நியாயம் கேட்பார்கள், அவர்கள் கேட்பது சரியும்கூட.

நோட்டும் மென்பொருளும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடட்டும் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் கண்டிப்பாக ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை இரட்டிப்பாகும்போது ஆட்கள் எதை நம்புகிறார்களோ அதை ஒழுங்காகச் செய்வார்கள், மற்றதைக் கடமைக்குச் செய்வார்கள். அவர்கள் நம்புவது நோட்டைத்தான். ஒரு தேதியைக் குறித்து நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், தூக்கிப் போட வேண்டாம். மின்சாரமோ நெட்வொர்க்கோ போனால் எழுதுவதற்கு மட்டும் ஒரு சீட்டுக் கட்டு வையுங்கள்: உறுப்பினர் எண், பார்கோடு எண், நேரம். வந்ததும் அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும், அதற்கும் ஒரு பெயர் பொறுப்பு.

முதல் வாரம் நீங்கள் உங்கள் அறையில் இருக்க வேண்டாம். கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கோபத்தோடு வருகிற பேராசிரியரை நீங்கள் எதிர்கொள்ளுங்கள், "புது சிஸ்டம் சார், தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். கவுன்டரில் இருப்பவர் கையை நடுங்கவிடாமல் வேலையைப் பார்ப்பார்.

ஒத்துவராதவர்

ஒருவர் இருப்பார். எதற்கெடுத்தாலும் "இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்பார். அவரை ஓரங்கட்டுவது எளிது, தவறும் அதுதான். அவர் எதைச் சொல்லி மறுக்கிறார் என்று கவனியுங்கள். மேலே சொன்ன நோ டியூ சிக்கலை முதலில் எழுப்பக் கூடியவர் அவர்தான், ஏனென்றால் இத்தனை வருடம் அந்தக் கையெழுத்தைப் போட்டவர் அவர். மறுப்பைக் கேள்வியாக மாற்றி முடிவு நோட்டில் எழுதுங்கள், பதில் கண்டுபிடிக்கும் வேலையில் அவரையே சேருங்கள். அதற்குப் பிறகும் கணினியைத் தொடவே மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தி அவமானப்படுத்த வேண்டாம். கிழிந்த புத்தகம் பைண்டிங்குக்குப் பிரிப்பது, கேள்வித்தாள் தொகுப்பு, முதலாண்டு மாணவர்களுக்கு ரேக்கைச் சுற்றிக் காட்டுவது என்று கனமான, மதிப்புள்ள வேலை ஒன்றை முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். ஆனால் அவர் பங்கு கணினி வேலை யார் மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர் மேல், வாய் திறக்க முடியாதவர் மேல். அதை நீங்கள் சமன் செய்யாவிட்டால் நல்ல ஆளை இழப்பீர்கள்.

கடவுச்சொல் யாரிடம்

சர்வர் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருந்து, அவர் வேறு வேலைக்குப் போய்விட, நூலகம் அப்படியே நின்றுபோவது நடக்கக் கூடிய விஷயம். முழு அதிகாரம் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும், உறையில் இட்டு முதல்வர் அலுவலகத்திலும் ஒன்று. கோஹா தினமும் தானாகக் காப்பு நகல் எடுக்கும்படி அமைக்கலாம், ஆனால் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த நகல் அதே கணினியில்தான் இருக்கும். வட்டு போனால் இரண்டும் போகும். வாரம் ஒரு முறை வெளி வட்டில் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த நகலை இன்னொரு கணினியில் திரும்ப ஏற்றிப் பாருங்கள், ஏற்றிப் பார்க்காத நகலை நம்ப முடியாது. இதை ஒப்பந்தப் பணியாளரும் உதவி நூலகரும் சேர்ந்தே செய்யட்டும். வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரிலும், கோஹாவின் புதுப் பதிப்பு வரும். வந்த அன்றே தாவ வேண்டியதில்லை, பல வருடம் விட்டுவிடவும் கூடாது.

அடுத்து வருவதற்கும் இதே குழுதான்

கோஹாவோடு எதுவும் முடிவதில்லை. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தில் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் அதை ஆராய்ச்சி மாணவருக்குக் காட்டித்தரக் கவுன்டரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த நூற்பட்டியலை எடுத்துக்கொண்டு, உலகத்தில் இல்லாத கட்டுரையைக் கேட்டு மாணவர்கள் வருகிறார்கள். அப்படி வருபவரைச் சிரித்து அனுப்பாமல், ஒரு கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதை உட்காரவைத்துக் காட்ட எல்லோருக்கும் ஒரே முறை வேண்டும். முடிவு நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒரு பருவம் ஓடி முடிந்ததும் ஸ்டாக் வெரிஃபிகேஷனை பார்கோடு ஸ்கேனரோடு நடத்துங்கள். ரேக் ரேக்காக ஸ்கேன் செய்து கோப்பைக் கோஹாவின் இருப்புச் சரிபார்ப்பில் கொடுத்தால், காணாமல் போனவை, இடம் மாறியவை என்று பட்டியல் வரும். அதை நேராக முதல்வருக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் அச்செடுத்து அட்டெண்டர்களிடம் கொடுங்கள், ஒரு வாரம் அவகாசம் விடுங்கள். எந்த ரேக்கின் பின்புறம் புத்தகம் விழுந்து கிடக்கும், எந்தத் துறைக்குக் கண்காட்சிக்குப் போனது திரும்பவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அடித்துத் திருத்திக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பட்டியல், அதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புங்கள்.